அம்மா மேழி பிடித்த நாள்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: கோர்ட்டு அமீன். அவரோடு வந்த சிப்பந்தி. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. பக்கத்துத் தோட்டத்து மாரப்பண்ணன். தங்கை. நான். தொழுவத்தில் மாடு ஒரு ஜோடி. அம்மா.

அம்மா மறைந்து வருடம் ஒன்று ஆகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்றார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கொழிஞ்சாம்பாறை பக்கம். சித்தூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். அப்பா ஒரு சிநேகிதரின் கடனுக்கு ஜாமீன் நின்றார். சிநேகிதர் சாந்தன்பாறையில் ஏலத்தோட்ட வேலை என்று மலை ஏறினார். இறங்கவில்லை. அப்பாவும் காலமானார். கடன் எங்கள் வாசலுக்கு ஜப்தியாக வந்தது.

வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். சமைக்கிற பாத்திரம், உடுக்கிற துணி, விதை நெல், பெண்ணின் தாலி, விவசாயியின் ஏரும் உழவு மாடும், இவற்றைக் கோர்ட்டு தொடாது. அம்மாவுக்கு அப்போது தாலி இல்லை. மற்றவை இருந்தன. மாடு போனால் வயல் தரிசுதான்.

மாமாவுக்கு வேறு கவலை. அதிகாரி வருகிறார், வீடு இளப்பமாகத் தெரியக் கூடாது. முந்தின நாளே வந்து மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி எண்ணெய் தடவி, புதுக் கயிறும் சலங்கையும் கட்டிவிட்டார்.

காலையில் அம்மா பார்த்தார்கள். "ஏன்டா தம்பி, மாட்டுக்குக் கண்ணாலமா?"

ஜப்தி செய்ய வந்த அமீன் பாத்திரத்தை விட்டார். விதை நெல்லை விட்டார். சுவர்க் கடிகாரத்தையும் பெஞ்சையும் எழுதினார். தொழுவத்தில் வந்து நின்று, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"இது உழவு மாடில்லை. சந்தைக்குப் போற மாடாக்கும்."

மாமா பதறிவிட்டார். "இல்லீங்க, நான்தானுங்க சோடிச்சேன். வேணும்னா உழுது காட்டறனுங்க."

"நீங்க விருந்தாளி. இந்த வீட்டிலே கிருஷிக்காரன் யாரு? ஆளு மரிச்சுப் போச்சில்லே?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார்கள். "நானுங்க."

எங்கள் பக்கம் பெண்கள் நடுவார்கள், களை எடுப்பார்கள், அறுப்பார்கள். ஏரின் கைப்பிடியான மேழியைத் தொட மாட்டார்கள். தொட்டால் மழை பொய்க்கும் என்பது ஊர்ப்பேச்சு. மாரப்பண்ணன் குறுக்கே வந்தார். "வேண்டாமுங்க அக்கா. ஊரு பேசும்."

"பேசற வாயி வந்து என்ற வயலை உழுகுமா? தள்ளு மாரப்பா."

சலங்கையோடுதான் ஏர் பூட்டினோம். முதல் சால் கோணல். மாமா வரப்பில் நின்று, "அக்கா, அமுத்துங்க, அமுத்துங்க!" என்று கத்தினார்.

"நீ வாயை அமுத்துடா" என்றார்கள் அம்மா. இரண்டாவது சால் நேராக வந்தது.

அமீன் குடையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போதும்மா, போதும்" என்றார்.

"இருங்க. பாதியில நிறுத்தற பழக்கமில்லீங்க."

அமீன் வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினார். விவசாயி என்ற இடத்தில் அம்மாவின் பெயர். மாடு எங்களுக்கே நின்றது.

அந்த வருடமும் மழை பெய்தது.

சட்டம் மாட்டைத்தான் விட்டது, கடனை விடவில்லை. அம்மாவும் விடவில்லை. மூன்று மகசூலில் கட்டி முடித்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தார்கள். படுக்கையில் விழுந்த பிறகும், "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

பிறகு எல்லா உழவுக்கும் வந்து நின்ற மாமாவுக்கும், கடைசியில் தோள் கொடுத்த மாரப்பண்ணனுக்கும், கண்டதைக் கண்டபடி எழுதிய அந்த அமீனுக்கும், துக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

அன்று அம்மா ஓட்டியது பதினொரு சால்.