உறங்கிட்டார் என்று சொன்ன பெண்

என் போனுக்கு நெட்வொர்க் கம்பெனியிலிருந்து நிறையக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன. எல்லாம் கன்னடத்தில். மைசூருக்கு வேலைக்கு வந்து பல வருடமாகியும் எனக்குக் கன்னடம் பேச வருமே தவிர, படிக்க வராது. பஸ்ஸைக்கூட நம்பரை வைத்துத்தான் அடையாளம் காண்பேன். ஆகவே அவை காலர் டியூன் விளம்பரங்கள் என்று நானே முடிவு செய்து, வந்த கையோடு அழித்துவந்தேன். பழைய நெட்வொர்க்கை நிறுத்தப்போகிறோம், போனை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு புதன்கிழமை டவர் போய்விட்டது. பட்டன் போன், எத்தனை தடவை கீழே போட்டாலும் கோபித்துக்கொள்ளாத ரகம். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பழைய நெட்வொர்க்கை மட்டும்தான் பிடிக்கும், இனி அது கிடையாது என்றார். போனில் கோளாறு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். போன் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை லீவில் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி மாநில எல்லையில் ஓடும் பாலாற்றுக்குத் தமிழ்ப் பக்கம், கொளத்தூரில் இருந்தாள். நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போவேன். மற்றபடி எங்கள் குடித்தனம் போனில்தான் நடந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அவள் கூப்பிடுவாள். டவர் போன மறுநாள், கூட வேலை செய்பவரின் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே, ஏமாற்றுக்காரர்கள் பேசுவார்கள் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். நான் சொன்னதை அவள் அப்படியே கேட்ட விஷயங்களில் அதுவும் ஒன்று.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து ரூமுக்கு வந்தால், வாசல்படியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். மாதேஸ்வரன் மலை வழியாக பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் உள்ளே போய்க் கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தாள். குளியலறையைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே என் பழைய செருப்பு இருந்தது.

“யாருங்க அவ?” என்றாள்.

“எவ?”

“உங்க போனை எடுக்கறாளே, அவ. சாயங்காலம் கூப்பிட்டாலும் ஒறங்கிட்டாருங்கறா, விடியக் கூப்பிட்டாலும் ஒறங்கிட்டாருங்கறா. நீ யாரு புள்ளன்னு கேட்டா அதுக்குப் பதில் இல்லீங்க. மறுபடியும் அதையேதான் சொல்றா. என்ன திமிருங்க அவளுக்கு.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டவர் இல்லாத போனைக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் கன்னடத்தில் பேசும். ‘நீவு கரெ மாடிருவ சந்தாதாரரு வியாப்தி பிரதேசத ஹொரகித்தாரெ.’ நீங்கள் கூப்பிட்ட ஆள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அர்த்தம். என் மனைவிக்குக் கன்னடம் தெரியாது. கடைசி வார்த்தை மட்டும் அவள் காதில் ‘ஒறங்கிட்டாரு’ என்று தமிழாக விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொல்வார்கள். அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மனைவி எங்கும் இருக்கமாட்டாள்.

“அது மிஷினு,” என்றேன்.

“மிஷினு எனக்குத் தெரியுமுங்க. ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுவாளே, அவ வேற. இவ கொரலு சின்ன வயசு.”

மாதேஸ்வரன் மேல் சத்தியம் செய்தேன். வரும் வழியில் அவரிடம்தான் முறையிட்டுவிட்டு வருவதாகவும், அவரை இதில் இழுக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

“எங்கண்ணன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கறன். நெசம்னு தெரிஞ்சா இப்படியே எங்கம்மா வீட்டுக்குப் போயிருவனுங்க. அப்பறம் உங்க மூஞ்சில முழிக்கமாட்டன்.”

அவள் சும்மா மிரட்டுகிறவள் அல்ல.

என் மொழிபெயர்ப்பு செல்லாது என்பதால் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் கன்னடக்காரர், தமிழும் ஓரளவு பேசுவார். “ஏனாய்த்து, என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்தார். என் மனைவி முதலில் அவர் குரலையே காது கொடுத்துக் கேட்டாள். வயதான கரகரப்பு. இவர் இல்லை என்று தள்ளிவிட்டாள்.

என் போனை எல்லாரும் பார்க்கும்படி கட்டில்மேல் வைத்தேன். அவள் போனிலிருந்தே என்னைக் கூப்பிடச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டேன். அவளுடையது போன வருடம் நான் வாங்கிக் கொடுத்த புதுப் போன், எந்த ஊரிலும் வேலை செய்யும். கட்டில்மேல் கிடந்தது அசையவில்லை. அதை யாரும் எடுக்கவுமில்லை. ஆனாலும் அந்தப் பெண் வந்து, சொல்ல வேண்டியதை முழுதாகச் சொன்னாள்.

“ஹொரகெ அந்த்ரெ வெளியே, அம்மா,” என்றார் வீட்டுக்கார அம்மா. “தூக்கம் எல்லாம் இல்லா. உங்க வீட்டுக்காரர் வெளியே இருக்காரு, அஷ்டே, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்ற சந்தோஷம். காபிக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் என் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கர் இல்லாமல் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டாள்.

“வெளிய இருக்கறாருன்னுதான் சொல்றாளுங்களா?”

“ஆமா. அதான் அந்த அம்மாவே சொல்லிட்டாங்களே.”

“ஒறங்கிட்டாருன்னு அவ சொன்னப்ப எனக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுதுங்க. ஆனா, ஏதோ ஒரு வீட்டுக்குள்ளயாச்சும் இருக்கறீங்கன்னு நெனச்சன்.”

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

“வெளிய இருக்கறீங்கன்னு இவ வந்துதான் எனக்குச் சொல்லணுமாக்கும்?”