கையில் ஏறாத நெடி

வால்வுச் சக்கரம் திரும்ப மறுத்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, காலை மண்ணில் ஊன்றித் திருப்பி மூடினாள். குழாய்க்குள் இரைச்சல் அடங்கியது. ஆனால் கீழத்தெருவில் இதற்குள் பாதிக் குடங்கள் நிறைந்திருக்கும்.

வியாகுலமேரி மறுபடி கையை முகர்ந்து பார்த்தாள். வியர்வை வாடைதான். பிளீச்சிங் பவுடர் அள்ளிய கை அப்படி இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் மத்தியானச் சோற்றில் அந்த நெடி வரும். புருஷன் ஆண்டனி ராஜ் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தபோது அவன் மேல் அடித்த நெடி அது. காமாலையில் அவன் போனதும் வேலையோடு சேர்ந்து அவளுக்கு வந்தது. பொம்பளை தொட்டிமேல் ஏறுவதா என்று கேட்டவர்கள், ஒரு கோடை கழிந்ததும் "மேரி, தண்ணி எப்ப?" என்று மட்டுமே கேட்டார்கள்.

இன்று அவசரம். மூட்டையிலிருந்து வாளியில் அள்ளி, ஏறிக் கொட்டி, இறங்கி, கோயில் மணி அடித்ததும் திறந்துவிட்டாள். நெற்றியைத் துடைத்தபோதுதான் கையில் நெடி இல்லை என்று தெரிந்தது. வால்வை மூடிய கையோடு மோட்டார் ரூமுக்கு ஓடிப் பார்த்தாள். மூட்டை பிளீச்சிங் மூட்டைதான். உள்ளே வேறு ஏதோ வெள்ளைப் பொடி. பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுராஜின் திராட்சைத் தோட்டத்துப் பூச்சிமருந்துப் பைகள். ஒன்று வாய் பிரிந்து கிடந்தது.

அதிகாரிகள் வந்தால் ரோட்டின் இருபுறமும் வெள்ளை தூவ வேண்டும். நேற்று கிளார்க் பால்பாண்டி பிளீச்சிங்கை அதற்குத்தான் தூக்கிப்போனான். ஓடைக்கு அக்கரையோடு ஒரே பஞ்சாயத்தாக இருந்த ஊர் இது. பிறகு ஓடையை எல்லையாக்கிப் பிரித்தார்கள். இப்போது இரண்டையும் நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள். நூறு நாள் வேலை போய்விடும் என்று ஊர் பயந்தது. மேரியின் பயம் வேறு. எந்த ஆபரேட்டரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்க நகராட்சிக்காரர்கள் இன்றுதான் வருகிறார்கள்.

போனில் பால்பாண்டி கிடைத்தான்.

"ஏலே, மூட்டையில என்னலே கொட்டி வச்ச?"

"மிச்சச் சுண்ணாம்புக்கா."

"சுண்ணாம்பா, மருந்தா?"

"சுண்ணாம்பாத்தான் இருக்கும். கரண்டு இல்ல, இருட்டுல அள்ளிக் கொட்டுனேன். எதுக்குக் கேக்குறீக?"

வாயை மூடிக்கொண்டால் வேலை தங்கலாம். கீழத்தெருவில் மகள் ஷெரின் இருக்கிறாள், புட்டியில் பால் குடிக்கிற பிள்ளையோடு. மேரி ஓடினாள்.

"தண்ணியக் குடிக்காதீக! கொட்டுங்க!"

குழாயடியில் அன்னத்தாய் இடுப்பில் குடத்தோடு சிரித்தாள். "ஏத்தா, நகராட்சியில சேர்றதுக்கு முன்னாடியே தண்ணிய நிப்பாட்டுறியா?"

"விளையாடாதீக மதினி. மருந்து கலந்திருக்கும்போல. நாந்தான் போட்டேன்."

சிரிப்பு நின்றது. அன்னத்தாயின் இடுப்பிலிருந்து குடம் நழுவி உருண்டது. யாரோ காறித் துப்பினார்கள். "நான் பல்லு வெளக்கிட்டேனே" என்று ஒரு குரல் அழுதது.

ஷெரின் அடுப்படியில் நின்றாள்.

"பிள்ளைக்குப் பால் குடுத்துட்டியா?"

"இப்பத்தாம்மா தண்ணி கொதிக்குது..."

மேரி வெறுங்கையால் பாத்திரத்தைத் தள்ளிவிட்டாள். உள்ளங்கை வெந்தது. "மாதாவே" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பிப் போய்த் தொட்டியின் அடிவால்வைத் திறந்தாள். தொட்டித் தண்ணீர் முழுவதும் ரோட்டில் இறங்கி, வெள்ளைக் கோடுகளை அடித்துக்கொண்டு ஓடைக்குப் போனது. அதிகாரிகளின் ஜீப் அந்தச் சேற்றில்தான் வந்து நின்றது. பொன்னுராஜ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தானா ஆத்தா?"

"நீங்க அங்கன மருந்து வச்சிருக்கலாமாண்ணே?" என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மறுநாள்வரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மருந்துப் பைகளை விடிவதற்குள் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். தொட்டி வேலை காண்டிராக்டுக்குப் போகிறது, அதுவரை மேரியே பார்க்கட்டும் என்று தலைவர் சொல்லியனுப்பினார். மேரி கட்டுப்போடாத மறு கையால் புது மூட்டையைப் பிரித்தாள். நெடி கண்ணைக் கரித்தது. மணி அடித்ததும் வால்வைத் திறந்தாள். கீழத்தெருப் பெண்கள் முதல் குடத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அடுத்ததைப் பிடித்தார்கள். ஷெரினும் ஊற்றினாள்.