பின் வரிசைப் பால்பொடி

பதினாறு வருஷம் கடையில் நின்றவளுக்கு, நிற்பது எப்படி என்று நாலு மாதம் பாடம் நடத்தினார்கள். திமிருக்கும் ஓர் அளவு வேண்டாமா? முதுகு நேராக இருக்கணும், கை முன்னால் இருக்கணும், உதட்டில் சிரிப்பு இருக்கணும். விசாலாட்சி முதுகையும் கையையும் சொன்னபடி வைத்துக்கொண்டாள். சிரிப்பு மட்டும் வரவே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு சுலபத்தில் வருவதில்லை என்பது அவள் குடியிருக்கும் பத்துபஸ்திப் பேட்டை முழுக்கத் தெரிந்த விஷயம். அப்பா சாத்தம் மர ஆலையின் ரம்பச் சத்தத்தில் காதைத் தொலைத்தவர். வீட்டில் கத்தினால்தான் பேச்சு. அந்தக் குரலோடுதான் அவள் போர்ட் பிளேரின் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தாள், அந்தக் குரலோடே நிலைத்தாள். போன வருஷம் கடை கைமாறி, ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் ஆனது. புது முதலாளி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: சில்லறை விற்பனைச் சான்றிதழ் வாங்கினவர்களுக்குத்தான் கடைக்குள் வேலை, மற்றவர்களுக்குக் கோடவுன். கோடவுனில் நாள் முழுக்க ஏணி ஏறி இறங்கணும். அவளுடைய வலது முழங்கால் வீட்டுப் படிக்கே முனகும். ஒரு மாதம்கூடத் தாங்காது, தானாக ஓடிவிடுவாள் என்பது முதலாளிக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

பாடம் நடத்த வந்த நந்தகுமாருக்கு இருபத்தாறு வயசு. ஒரு கிலோ பருப்பை நிறுத்துப் பழக்கமில்லாத கை.

"பழைய சரக்கு முன்னால, புது சரக்கு பின்னால. கஸ்டமருக்கு முன் வரிசைலேருந்துதான் எடுக்கணும். சமஜ் கயா, புரிஞ்சுதா?"

"கேம்பல் பே போற ஆளு வந்தா?" என்று கேட்டாள் விசாலாட்சி.

"வந்தா என்ன? அவருக்குக் கொம்பா முளைச்சிருக்கு?"

வகுப்பு சிரித்தது. அவளுக்கு அவனை அறையணும்போல் இருந்தது. கேம்பல் பேக்காரர்கள் தெற்குக் கடைசித் தீவுக்குக் கப்பலில் இரண்டு மூன்று நாள் போகணும். கடல் கெட்டுப்போனால் கப்பலே கிடையாது. இரண்டு மாதச் சாமானை ஒரே தடவையில் கட்டுவார்கள். அவர்களுக்குப் பின் வரிசையிலிருந்து, தூரத்துத் தேதியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பது இந்த ஊர்க் கடைக்காரர்களிடம் யாரும் சொல்லாமலே இருக்கிற வழக்கம். மெயின்லேண்டில் அச்சடித்த புத்தகத்தில் அது எப்படி இருக்கும்?

இருந்தும் படித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படித்தாள். எழுத்துத் தேர்வில் எழுபத்தெட்டு மார்க். நந்தகுமாரின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் சிரித்தாள்.

செய்முறைத் தேர்வு கடையிலேயே நடந்தது. தேர்வாளர் சிவபிரகாஷ் சென்னையிலிருந்து விமானத்தில் வந்திருந்தார். அவரே வாடிக்கையாளராக நடிப்பார், அவரே மார்க்கும் போடுவார். மற்றவர்களிடம் பேரும் ஊரும் சொல்லாமல் கேட்டவர், இவளிடம் வந்தபோது உள்ளூர் வாசனைக்காக ஓர் ஊர்ப் பேரைச் சேர்த்துக்கொண்டார்.

"நான் கேம்பல் பேலேருந்து வர்றேம்மா. பால்பொடி ரெண்டு பாக்கெட் குடுங்க."

அவள் கை தானாகப் பின் வரிசைக்குப் போனது.

"கப்பல் எப்ப சார்?" என்றும் கேட்டுவிட்டாள்.

சிவபிரகாஷ் பேனாவை நிறுத்தினார். "முன்னால இருக்கறதை ஏன் எடுக்கல?"

"அது இன்னும் இருபது நாள்தான் சார். நீங்க ஊர் போய் அதைப் பிரிக்கறதுக்குள்ள தேதி முடிஞ்சிரும்."

"இன்னும் முடியலையே. முடியாத வரைக்கும் அது நல்ல சரக்குதான். கஸ்டமருக்கு என்ன குறை?" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "எழுத்துல நல்லா பண்ணியிருக்கீங்க. மறுபடி கேக்கறேன், முன்னாலேருந்து எடுங்க. பாஸ் போட்டுடறேன்."

அவளுக்கு ஏணி கண்ணில் நின்றது. எடுத்தால்தான் என்ன? பால்பொடியை யார் குடிக்கப் போகிறார்கள், வெறும் நடிப்புதானே? கையை முன் வரிசைக்கு நீட்டவும் செய்தாள். ஓரமாக நின்ற நந்தகுமார் இளிப்பதைப் பார்த்தாள். பதினாறு வருஷமாக, தேதியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அவள் கொடுத்ததை வாங்கி மூட்டை கட்டிப் போனவர்களையும் நினைத்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"ஊரை மாத்திக் கேளுங்க சார். பத்துபஸ்தின்னு சொல்லுங்க, முன்னாலேருந்து எடுத்துத் தர்றேன். கேம்பல் பேன்னா மாட்டேன்."

சிவபிரகாஷ் தாளில் ஒரு கோடு போட்டார். தேர்ச்சி இல்லை. கல்லா பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி அப்போதே அவளுடைய கடை பேட்ஜுக்காகக் கையை நீட்டினார். அவள் கழற்றி மேஜைமேல் எறிந்தாள்.

தேர்வு முடிந்து, விமானத்துக்கு நேரம் இருந்ததால், சிவபிரகாஷ் ஒரு கூடையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கணுமாம். அலமாரி முன்னால் நின்றார். முன் வரிசை பாட்டிலை எடுத்தார், தேதியைப் பார்த்தார், வைத்துவிட்டார். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, கடைசி பாட்டிலை உருவினார்.

"சார்," என்றாள் விசாலாட்சி. அப்பா வளர்த்த குரல், கடை முழுக்கக் கேட்டது. "முன்னால இருக்கறதை எடுங்க. தேதிதான் இன்னும் முடியலையே."

அவர் காது சிவந்தது. பாட்டிலைக் கூடையில் போட்டுக்கொண்டு பில் போடப் போய்விட்டார்.