கன்னத்துப் பொட்டும் பாஸ்போர்ட் படமும்

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படம் எடுப்பவளுக்குக் கேமரா மட்டும் தெரிந்தால் போதாது. குழந்தை பால் குடிக்கும் நேரம், தூங்கி எழும் நேரம், ஜன்னலில் வெளிச்சம் வரும் நேரம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். போனும் கையுமாகச் சொந்தக் குழந்தையைத் துரத்தி, நூறு படத்தில் ஒன்றுகூடத் தேறாமல் நொந்துபோயிருப்பவர்களே, பாண்டிச்சேரியில் பத்து வருடமாக இதே பாடு படுகிற ஒருத்தியின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

லைட்டை அணைத்தவள்

பிள்ளைச்சாவடியில் ஒரு வீடு, எட்டு மாதப் பெண் குழந்தை. அப்பா ஆசை ஆசையாக இரண்டு பெரிய லைட்டுகளை இரவல் வாங்கிக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார். கண் கூசிக் குழந்தை வீறிட்டது. லைட், டியூப்லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கட்டிலை ஜன்னல் ஓரம் இழுக்கச் சொன்னேன். அழுகை நின்றது. உடனே அக்கம்பக்கத்தார் ஆறு பேர் வேடிக்கை பார்க்க அதே ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி விலக்கி, கட்டிலோரம் மண்டி போட்டு, குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுத்தேன். அம்மாவுக்குப் படங்கள் பிடித்துப்போயின. அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"லைட்ட ஆஃப் பண்றதுக்கா மேடம் உங்கள கூப்ட்டேன்?"

காணாமல் போன பொட்டு

இது முழுக்க என் தப்பு. சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் குழந்தை. கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்தபோது கொசுக்கடி, பால் கறையோடு சேர்த்து, கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் துடைத்துவிட்டேன். முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். படம் போன அன்று சாயங்காலமே குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது.

மறுநாள் காலை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மழைக்காலம், ஊரெல்லாம் சளி என்று என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல நீங்க பொட்ட வெச்சு அனுப்புங்க, நான் அப்புறமா டாக்டர்ட்ட போறேன்."

சிரித்தால் போச்சு

மற்ற வீடுகளில் குழந்தை சிரிக்கவில்லை என்பதுதான் கவலை. கலா என்பவர் வீட்டில் சிரிப்பே தொல்லை. அவர் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பிரான்சில் வேலை. ஆறு மாத மகனை இதுவரை போனில் மட்டுமே பார்த்திருக்கிறார். பிள்ளைக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் வந்தால்தான் அங்கே போக முடியும். படமோ இரண்டு முறை திரும்பிவிட்டது. ஒன்றில் வாய் திறந்திருந்தது, இன்னொன்றில் தலையைப் பிடித்திருந்த கை தெரிந்தது.

வெள்ளைத் துணியில் பிள்ளையைப் படுக்கவைத்து, நாற்காலி மேல் ஏறி நின்றேன். பழக்க தோஷத்தில் நாக்கைச் சொடுக்கிவிட்டேன்; அவன் பொக்கை வாயை முழுசாகத் திறந்துவிட்டான். கிலுகிலுப்பையோடு நின்ற அத்தைமார்களை வெளியே அனுப்பிவிட்டு, 'நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்புகிற குமாஸ்தா போல என் முகத்தை வைத்துக்கொண்டேன். அவனும் வாயை மூடி என்னை முறைத்தான்.

ஆனால் கன்னத்தில் பொட்டு. இந்தப் படத்தில் எதையும் பிறகு திருத்தவும் கூடாது. பட்டவள் என்பதால் அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலாவுக்கே புரிந்துவிட்டது. மையை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்காலில் பெரிதாக ஒரு பொட்டு வைத்த பிறகுதான் கன்னத்தைத் துடைத்தார். மறுபடி முறைத்தேன், அவனும் முறைத்தான், எடுத்துவிட்டேன்.

"காலெல்லாம் பாஸ்போர்ட்ல வராதில்லக்கா?"

ஏர்போர்ட்டிலிருந்து

அந்தப் படம் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்துக் கலா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார், பிரான்சில் இறங்கிய இடத்தில் யாரோ அவசரமாக எடுத்தது. அப்பா முதல்முறையாகப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறார், பிள்ளை சிரிக்கிறான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கீழே ஒரு வரி.

"வெளிச்சமெல்லாம் பாக்கல, தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

வாய் திறந்து, கை தெரிந்து, கன்னத்தில் பொட்டோடு, போதாக்குறைக்கு ஆடியும் போயிருந்த அந்தப் படம்தான், ஊருக்கெல்லாம் வெளிச்சம் சொல்லிக்கொடுக்கிற என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே குழந்தைப் படம்.