ஒயர் எட்டும் தூரம்

பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்கும் கட்டிப் போடுவதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்று நான் சமைக்கும்போது, நாலு வயது மகள் சுவரோரம் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததால், ஒயர் எட்டும் தூரத்தைவிட்டு நகரவே இல்லை. அதைப் பார்த்ததும் என் இடுப்பு கூசியது.

நான் சின்னவளாக இருந்தபோது என் அம்மா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் கூட்டிப் போவாள். உப்பு விளையும் பாத்தியில் நான் இறங்கிவிடக் கூடாதென்று, பழைய புடவையை என் இடுப்பில் சுற்றிக் கொட்டகைக் கம்பத்தில் கட்டிவிடுவாள். அந்தப் புடவையில் வேர்வையும் உப்புமாக வாடை வீசும். நான் முடிச்சை இழுத்து இழுத்துக் கத்துவேன்.

"கத்தாதடி, இன்னும் ரெண்டு பாத்திதான், தோ வந்துட்டேன்!" என்று உப்பை வாரியபடியே குரல் கொடுப்பாள். அவிழ்த்ததும் வரப்பில் ஒரே ஓட்டம். "கழுத போகுது பாரு!" என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

"பாப்பா, போதும். வெளிய போய் விளையாடு" என்றேன் மகளிடம்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா."

போனைப் பிடுங்கினேன். மகள் ஓடவில்லை, தரையில் புரண்டு அழுதாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் அவிழ்த்துவிடச் சொல்லி அழுதேன். இவள் கட்டிவிடச் சொல்லி அழுகிறாள். போனை நிறுத்திய அம்மாக்கள் யாராவது இருந்தால், முதல் நாள் அழுகையை எப்படித் தாங்கினீர்கள் என்று எழுதுங்களேன்.