தொண்டை கட்டிய கிழமை

என்னைக் கைவிடாத கர்த்தருக்கு நன்றி சொல்லி, சபையாரான உங்களிடம் இதைச் சொல்கிறேன். போன டிசம்பரில் நான் உடைந்துபோயிருந்தேன்.

சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் பல வருடம் அறை சுத்தம் செய்தவள் நான். திடீரென்று என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்கு முன்பு சூப்பர்வைசராக இருந்த அம்மா வாசலைத் தாண்டி அறைக்குள் வரமாட்டார். சுத்தம் செய்யும் பிள்ளைகளைப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டார், அறை நம்பர்தான். பொறுப்பு என்றால் அப்படித்தான் என்று நினைத்து நானும் வாசலில் நின்று கத்தினேன். எனக்குக் கத்தவும் வராது. கோழி கொக்கரித்த மாதிரி இருந்திருக்கும்.

சீசன் தொடங்கும் நேரம், நாவுலவிலிருந்து வேலைக்கு வரும் செல்வி மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கிழமையோட நாங்க வேலைய விட்டு நின்னுக்கிறோம்.”

அவர்கள் போனால் என் வேலையும் போகும். அதைவிட, கூடவே வேலை செய்த பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காமல் போனதுதான் தாங்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். “ஆண்டவரே, இவங்கள போக விடாதீங்க. அந்த அம்மா மாதிரி எனக்கும் பெரிய குரல் குடுங்க.”

மறுநாள் விடிந்தபோது இருந்த குரலும் போயிருந்தது. தொண்டை கட்டி, வெறும் காற்றுத்தான் வந்தது. கொத்தமல்லித் தண்ணீருக்கும் மசியவில்லை.

கத்த முடியாதவள் வாசலில் நின்று என்ன செய்ய? உள்ளே செல்வி பெரிய கட்டிலின் விரிப்பைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். போய் மறுமுனையைப் பிடித்தேன். அடுத்த அறையிலும் பிடித்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போய், பெயரைச் சொல்லி, காதோடுதான் சொன்னேன். இரண்டொரு நாளில் பிள்ளைகள் பழையபடி என்னைக் கேலி செய்து சிரித்தார்கள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. கூட நின்று செய்கிறவள் நான், அதுதான் என் குணம் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கிழமையின் ஏழு நாளும் முடிந்தது. ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. குரல் திரும்பியதும் செல்வியிடம் மெல்லக் கேட்டேன், “போகலையா?”

“போகத்தான் இருந்தோம். நீங்க திரும்பி வந்துட்டீங்களே, அக்கா.”

நான் வேறொருத்தியாக மாறக் கேட்டேன். கர்த்தர் என்னை எனக்கே தந்தார். பொறுப்பு வந்து பயப்படுகிறவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்டது வராவிட்டால் கோபிக்காமல் கொஞ்சம் பொறுங்கள். அவருக்கு நம்மைத் தெரியும்.