செல்லத்துரை அண்ணையின் இடது கை

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்கு நின்றபோது செல்லத்துரை அண்ணையின் மகள் வதனாவின் அழைப்பு வந்தது. "அப்பா விடிய மோசம் போயிட்டார் மாமா" என்றாள். "விசர்க்கதை கதையாதேயும்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. துக்கம் வந்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். செல்லத்துரை அண்ணையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த மனிசனும் அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலரில், பக்கத்து வளவுக்காரன் என்ற முறையில் நானும் எழுத வேண்டும் என்று வதனா கேட்டாள். எழுதுகிறேன். ஆனால் அவருடைய இடது கையைப் பற்றித்தான் எழுதுவேன். அந்தக் கை மரம் விழுந்து முறிந்தது என்று எங்கள் ஊர் இறுப்பிட்டி முழுக்க நம்புகிறது. அவர் மனைவி பூமணி அக்காவும் மகள் வதனாவும் கூட. அது பொய். முறித்தவன் நான்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என் வளவில் ஒரு மரமும் இல்லை. பங்கருக்கு வெட்டியது பாதி, ஷெல் பிளந்தது மீதி. அந்த ஆத்திரத்தில் வேப்பங்கன்றுகளை நட்டுத் தள்ளினேன். கயிறு பிடித்து அளக்கவில்லை. ஒரு மூலையில் முழத்துக்கு ஒன்று, இன்னொரு மூலையில் மூன்று ஒன்றாக. தானாக முளைத்ததையும் பிடுங்கவில்லை. சில வருடங்களில் அவை கூரைக்கு மேல் போய்விட்டன. வன்னியில் தேக்கந் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், இது தோப்பில்லை, அகதி முகாம். ஒண்டையொண்டு மிதிச்சுக்கொண்டு நிக்குதுகள். இடையில நிக்கிறதை வெட்டி எடு. இல்லாட்டி ஒண்டும் தடிக்காது."

"ஏலாது! ஒண்டிலயும் கை வைக்க விடமாட்டன்" என்றேன். இழந்தவனுக்கு எண்ணிக்கைதான் பெரிது. மழைக்கு மழை இதே சண்டை நடந்தது.

ஒருநாள் நான் யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது கோடாலிச் சத்தம் கேட்டது. அவர் வீட்டார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். என் வளவின் வடக்குப் பாதியில் ஒன்றுவிட்டு ஒன்றாக மரங்கள் சரிந்து கிடந்தன. அண்ணை அடுத்த மரத்துக்குக் கோடாலியை ஓங்கிக்கொண்டு நின்றார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. வேலியோரம் கிடந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் அடித்தேன். முதல் அடியைக் கோடாலியில் தாங்கினார். இரண்டாவது அடி இடது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் அடித்தேன். இதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவரும் சும்மா விடவில்லை. மற்றக் கையால் என் கழுத்தைப் பிடித்துக் கிளுவை வேலியோடு சாத்தி நெரித்தார். முள் முதுகைக் கிழித்தது. வாயெல்லாம் இரத்தம். பிறகு பிடியை விட்டு, "தெற்குப் பாதி இன்னும் கிடக்குது, மடையா" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஆஸ்பத்திரியில் மரம் விழுந்ததென்று சொல்லியிருக்கிறார். பொலிசு வரும் என்று ஒரு கிழமை வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கை கோணலாகப் பொருந்தியது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவர் வெட்டிய பாதி தடித்தது. நான் காப்பாற்றிய பாதி உயர்ந்ததே ஒழியத் தடிக்கவில்லை. நடு வரிசை முழுக்க வெளிச்சம் கிடைத்த பக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் கிளை விட்டது. மரம் வாங்கும் மரக்காலைக்காரன் வந்து வடக்கைப் பார்த்து, "கூரைத் தீராந்திக்கு நல்ல மரம்" என்றான். தெற்கைப் பார்த்து, "விறகு" என்றான். அவனை ஏசி அனுப்பினேன்.

போன மாரியில் அடித்த புயலில் தெற்குப் பாதி முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக முறிந்து விழுந்தது. ஒரு மரம் குசினிக் கூரையைப் பிளந்து, அதன் தாழ்வாரத்தில் கட்டியிருந்த சினை ஆட்டை நசுக்கிவிட்டது. அது செத்து முடிக்க வெகு நேரம் எடுத்தது. விடிந்ததும் அண்ணை வாளோடு வந்து நின்றார். கோணல் கையால் மரத்தை அமத்திப் பிடித்து, மற்றக் கையால் பகல் முழுக்க அரிந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணை, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"அடிச்சதுக்கு எனக்குக் கோபமில்லை. அரைவாசியில அடிச்சதுக்குத்தான் கோபம். முடிச்சாப் பிறகு அடிச்சிருந்தா இந்த ஆடு உயிரோட இருந்திருக்கும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதோடு மன்னிப்புக் கேட்க வந்த வாய் மூடிவிட்டது. மூடாமல் இருந்திருக்கலாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வடக்குப் பாதி வேம்புகளும் அந்த ஏச்சும்தான். இரண்டையும் சாகும்வரை வைத்திருப்பேன்.

வதனா, நீர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தேன். "மரம் விழுந்து கை முறிந்தபோதும் தளராதவர்" என்று போட்டிருக்கிறீர். அந்த வரியைத் திருத்தும். கையை முறித்தவன் பக்கத்து வளவு நாகலிங்கம் என்று என் பெயரை முழுதாகப் போடும். அந்தியேட்டியன்று நான் உங்கள் படலைக்கு வெளியேதான் நிற்பேன். பூமணி அக்கா இதை வாசித்து முடித்த பிறகும் கூப்பிட்டால், உள்ளே வருகிறேன்.